மேக்னம் தோட்டா எது வாங்கலாம்? வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல தூரத்துல இருந்து சுடற வேட்டை ரைஃபிள் பத்தி அரை பக்கம் எழுதினேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு எடிட்டரே எதிர்பாக்கல. பாதி பேர் வெளிநாட்டுல இருக்கற தம்பி, மச்சான், மருமகனுக்காக கேக்கறாங்க, மீதி பாதி பப்ஜி பசங்க. இடம் இருக்கற வரைக்கும் பதில் போட்டுருக்கேன். மேக்னம்னா வேற ஒண்ணும் இல்ல, கூட வெடிமருந்து போட்டு குண்டோட வேகத்த ஏத்தின தோட்டா.

கேள்வி (வியாசர்பாடி, காலேஜ் மாணவர்): அண்ணே, பப்ஜில ஏர்டிராப்ல ஏடபிள்யூஎம் ஸ்னைப்பர் கிடைச்சா 300 மேக்னம் தோட்டா வரும், லெவல் 3 ஹெல்மெட் போட்டவனே ஒரே ஷாட்ல காலி. நிஜத்துலயும் அப்படி ஒரு தோட்டா இருக்கா, இல்ல சும்மா கேமுக்கு வெச்ச பேரா?

பதில்: நிஜமாவே இருக்கு தம்பி. முழுப்பேர் .300 வின்செஸ்டர் மேக்னம், சுருக்கமா 300 வின் மேக், 1963ல அமெரிக்காவுல வேட்டைக்காரங்களுக்குன்னே விட்டாங்க, மிலிட்டரிக்காரங்க அப்புறம்தான் எடுத்துக்கிட்டாங்க. ஏடபிள்யூஎம் துப்பாக்கி பிரிட்டன்ல அக்யூரசி இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனி பண்ணினது, ஜெர்மன் ஆர்மி அதுல 300 வின் மேக் போட்டு ஜி22ன்னு வெச்சிருக்கு, பிரிட்டிஷ் ஆர்மி அதையே .338 லாப்புவா மேக்னத்துல வெச்சிருக்கு.

கையில வெச்சு பாத்தா இப்படி இருக்கும். மொத்த நீளம் 85 மில்லிமீட்டர், அதாவது உன் சுண்டு விரல விட பெருசு. பித்தளை கேஸ் மட்டும் 67 மில்லிமீட்டர், அடியில ஒரு தடிச்ச வளையம், மேல கழுத்து குட்டையா 7 மில்லிமீட்டர் கூட இருக்காது, உள்ள 4.5 கிராம்ல இருந்து 5 கிராம் வரைக்கும் வெடிமருந்து. முனையில இருக்கற குண்டு 180 கிரெயின்னா 11.7 கிராம், நம்ம கணக்குல ஒன்றரை பவுன் கிட்ட. அந்த ஒன்றரை பவுன் செகண்டுக்கு 900 மீட்டர் வேகத்துல கெளம்புது.

கேம்ல இல்லாத ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, அங்க காத்தே கிடையாது. ரெண்டாவது, தோளு வலிக்காது. நிஜத்துல மேக்னம் வாங்கினவங்க பாதி பேர் மாட்டறது இந்த ரெண்டுலதான். அடுத்த லெட்டர படி, புரியும்.

கேள்வி (காசிமேடு, வாசகி): சார், என் தம்பி கனடாவுல கால்கரில இருக்கான், நாலஞ்சு வருஷமாச்சு. கூட வேலை செய்யறவங்க இவன எல்க் வேட்டைக்கு, அதாவது அங்க இருக்கற பெரிய மான் வேட்டைக்கு, கூப்புடறாங்களாம், துப்பாக்கி லைசென்ஸும் எடுத்துட்டான். ஒருத்தர் 300 வின் மேக் வாங்குன்றாரு, இன்னொருத்தர் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் போதும்ன்றாரு, கடைக்காரன் 7 எம்எம் பிஆர்சி புதுசு, 600 கஜம் வரைக்கும் தைரியமா சுடலாம்ன்றானாம். இவன் அந்த லைசென்ஸ் கிளாஸுக்கு முன்னாடி துப்பாக்கிய தொட்டது கூட இல்ல. உங்க கட்டுரைய போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன், அவரையே கேட்டு சொல்லுக்கான்றான். எங்கப்பா மீன்பிடி போட்டுக்கு போனவரு, எங்க வீட்டுல இந்த விஷயம் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

பதில்: அப்பா போட்டுக்கு போனவருன்னு கடைசியில சும்மா ஒரு வார்த்தை எழுதிட்டீங்க, தம்பிக்கு உதவப்போறதே அதுதான்மா. அதுக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல எல்லாரும் சொல்ற ஒரு பேச்சு, மேக்னம்னா குண்டு நேரா போகும், சாதா தோட்டான்னா கீழ எறங்கிரும்னு. கணக்கு போட்டு பாருங்க. 1906ல வந்த பழைய .30-06, அதுல 180 கிரெயின் குண்டு, 200 கஜத்துல குறி சரியா விழற மாதிரி ஸ்கோப் செட் பண்ணிட்டு 300 கஜத்துல சுட்டா ஏறக்குறைய எட்டரை இன்ச் எறங்கும். அதே எடை குண்டு 300 வின் மேக்ல ஏறக்குறைய 7 இன்ச். வித்தியாசம் ஒன்றரை இன்ச், ஒரு எல்க்கோட நெஞ்சுக்கூடு அதுக்கு மேல பல மடங்கு பெருசு. 500 கஜம் போனா .30-06 கிட்டத்தட்ட 46 இன்ச், 300 வின் மேக் 40 இன்ச் பக்கம், அப்பவும் அரை அடிதான் வித்தியாசம். அதுவும் இப்ப எல்லார் கையிலயும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு, தூரம் எவ்ளோன்னு தெரிஞ்சா எத்தனை இன்ச் எறங்கும்னு ஒரு சீட்டுல எழுதி துப்பாக்கில ஒட்டிக்கலாம், பூமி இழுக்கற இழுப்பு நாளைக்கு ஒண்ணு நாளான்னைக்கு ஒண்ணா மாறப்போறதில்ல.

மாறறது காத்து. பக்கவாட்டுல மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து, அது ஒண்ணும் புயல் இல்ல, காசிமேட்டுல மத்தியானம் அடிக்கற சாதாரண கடக்காத்து, அதுல 300 வின் மேக் குண்டு 500 கஜம் போறதுக்குள்ள ஒன்றரை அடி கிட்ட ஒதுங்கிரும். மேக்னம் வெச்சிருந்தும் ஒன்றரை அடி! .30-06னா அதுக்கு மேல இன்னும் மூணு நாலு இன்ச், அவ்ளோதான். ஆனா காத்த 16னு நெனச்சு அது 24ஆ இருந்துச்சுன்னா முக்கால் அடி தப்பா போகும், அப்ப நெஞ்சுல விழ வேண்டியது வயித்துல விழும், அந்த மிருகம் செத்தும் சாகாம மலைக்கு அந்தாண்ட போய் ராத்திரி பூரா கெடக்கும். அந்த முக்கால் அடிய எந்த கடையிலயும் எந்த தோட்டாவும் திருப்பி தராது.

கால்கரி ராக்கி மலைக்கு கெழக்க ஓரத்துல இருக்கு, மலையில இருந்து சினூக்னு ஒரு காத்து எறங்கும், குளிர்காலத்துலயே சுடச்சுட, சில நேரம் பயங்கர வேகம். மலைச்சரிவுல நீங்க நிக்கற எடத்துல ஒரு காத்து, நடுவுல பள்ளத்துல வேற காத்து, அந்தாண்ட எல்க் நிக்கற எடத்துல இன்னொரு காத்து. மணலி ரீஃபைனரி சிம்னி புகைய பாத்திருப்பீங்க, மேல புகை ஒரு பக்கம் சாயும், கீழ ரோட்டுல குப்பை வேற பக்கம் பறக்கும். உங்கப்பா வாடையா கொண்டலா கச்சானான்னு தண்ணிய பாத்தே சொல்லியிருப்பாரே, அந்த கண்ணு தம்பிக்கும் கொஞ்சம் இருந்தா அவன் கூட வர்ற வெள்ளைக்காரங்கள விட அவன்தான் உருப்படியா சுடுவான். அங்க தண்ணிக்கு பதிலா புல்லு சாயறத பாக்கணும், ஸ்கோப்புல தெரியற கானல் எந்த பக்கம் ஓடுதுன்னு பாக்கணும்.

சரி, தோட்டாவுக்கு வரேன். மூணும் நல்ல தோட்டாதான், சண்டை போட ஒண்ணும் இல்ல.

300 வின் மேக் கனடாவுல எந்த சின்ன ஊர் கடையிலயும் கெடைக்கும், 200 கிரெயின், அதுக்கு மேலயும் கனமான குண்டு தள்ளும், 500 கஜத்துல கூட 1,800 ஃபுட் பவுண்டுக்கு மேல சக்தி மிச்சம் இருக்கும். எல்க்குக்கு 1,500 வேணும்னு வேட்டைக்காரங்க பழக்கத்துல ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, அது சட்டம் இல்ல, ஒரு கை கணக்கு. ஆனா உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னால வந்து தோள்ல இடிக்கறது, ஜாஸ்தி, அதே எடை துப்பாக்கில .30-06அ விட கால் பங்காவது கூட உதைக்கும்.

7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் 1962ல வந்தது, ரெமிங்டன் 700 துப்பாக்கியோட சேத்து விட்டாங்க. 160 கிரெயின் குண்டு செகண்டுக்கு 2,950 அடி கிட்ட போகும், குண்டு ஒல்லியா நீளமா இருக்கறதால காத்த நல்லா கிழிக்கும், 500 கஜத்துல கணக்கு 300 வின் மேக் பக்கத்துலயே வந்து நிக்கும். உதை ஏறக்குறைய .30-06 அளவுதான். இத எத்தனையோ பேர் பழசுன்னு ஒதுக்கறாங்க, எனக்கு அது புரியறதே இல்ல.

7 எம்எம் பிஆர்சி 2022ல ஹார்னடி கம்பெனி விட்டது. கடைக்காரன் பொய் சொல்லல, நல்ல டிசைன். பேரலுக்குள்ள குண்ட சுத்த விடற வரியோட முறுக்கு 8 இன்ச்சுக்கு ஒரு சுத்து, அதனால 175, 180 கிரெயின்னு நீட்டமான குண்டையும் ஆடாம சுத்த வைக்கும். பழைய 7 எம்எம் ரெமிங்டன் துப்பாக்கில முறுக்கு ஒன்பதரை இன்ச்சுக்கு ஒரு சுத்துன்னு வரும், அந்த நீட்ட குண்டு அதுல தள்ளாடும். ஆனா அந்த லாபம் தெரியறது 600, 700 கஜம் தாண்டி. உங்க தம்பி அவ்ளோ தூரம் சுடவே கூடாது, அப்புறம் அந்த லாபத்த வெச்சு என்ன பண்றது?

என் தீர்ப்பு: 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், 24 இன்ச் பேரல், 160 கிரெயின் பாண்டட் குண்டு, அதாவது ஈயமும் மேல இருக்கற செப்பு உறையும் பிரியாம ஒட்டினது, எலும்புல பட்டா செதறாது. குண்டு எந்த வேகத்துக்கு மேல விரியும்னு கம்பெனியே சொல்லியிருப்பான், நெறைய பாண்டட் குண்டுக்கு அது செகண்டுக்கு 1,800 அடி, முழுக்க செப்புல செய்யற குண்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேணும். அந்த வேகத்துக்கு கீழ போனா குண்டு விரியாம ஊசி மாதிரி உள்ள போய் வெளிய வந்துரும். பெட்டில பெருசா போட்ட பேர பாக்காம இந்த ஒரு நம்பர பாக்க சொல்லுங்க.

அதுக்கும் முன்னாடி, முடிஞ்சா மொத வருஷம் உதை கொறஞ்ச ஒரு .308 துப்பாக்கி இரவல் வாங்கி சுட சொல்லுங்க. மொதல்லயே மேக்னம் எடுத்தவங்களுக்கு ஒரு வியாதி வரும், ட்ரிகர இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிரும், தோளு முன்னால தள்ளும். இவங்களுக்கே அது தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: ரேஞ்ச்ல கூட இருக்கறவர் இவன் கண்ணுல படாம சில நேரம் நிஜ தோட்டா, சில நேரம் டம்மி போட்டு குடுக்கணும். டம்மி விழுந்தப்ப க்ளிக்னு சத்தம் மட்டும் வரும், அந்த நேரம் பேரல் முனை சட்டுனு கீழ குத்துச்சுன்னா வியாதி இருக்கு. கையும் களவுமா மாட்டினா மாதிரி இருக்கும், பக்கத்துல இருக்கறவங்க சிரிப்பாங்க, பரவால்ல.

ஸ்கோப்ப கண்ணுல இருந்து மூணரை இன்ச்சாவது தள்ளி மாட்டணும். இல்லன்னா மேக்னம் பின்னால வரும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்துல அரை வட்டமா வெட்டிரும், ரத்தம் கொட்டும், நெத்தியில அந்த தழும்போட சுத்தற வேட்டைக்காரங்க நெறைய பேர். காதுக்கு மஃப் கட்டாயம். உதைய கொறைக்க பேரல் முனையில பிரேக்னு ஒரு ஓட்டை போட்ட குழாய் மாட்டினா சத்தம் பின்பக்கம் திரும்பி இன்னும் மோசமா அறையும். சைலன்சர் கனடாவுல தடை, அந்த யோசனையே வேணாம்.

எவ்ளோ தூரம் சுடலாம்? டிபன் சாப்பிடற பேப்பர் தட்டு, 8 இன்ச், அத ரேஞ்ச்ல மாட்டிட்டு டேபிள் மேல சாச்சு இல்ல, தரையில உக்காந்தோ மண்டி போட்டோ சுடணும். எந்த தூரம் வரைக்கும் ஒவ்வொரு குண்டும் தட்டுக்குள்ள விழுதோ அதுதான் அவன் தூரம். அது 200 கஜம்னா 200தான். 500 கஜம் போக குண்டுக்கு அரை செகண்டுக்கு மேல ஆகும், அதுக்குள்ள எல்க் ஒரு அடி எடுத்து வெச்சா நெஞ்சு இருந்த எடத்துல வயிறு இருக்கும், இத எந்த மேக்னமும் சரி பண்ணாது. 600 கஜம்னு சொன்ன கடைக்காரன் காட்டுக்கு கூட வரப்போறதில்ல. இன்னும் நூறு கஜம் கிட்ட நடந்து போக சொல்லுங்க, காத்து தன் பக்கம் அடிக்கற மாதிரி சுத்தி போனா வாசனை போகாது.

இன்னொண்ணு, ஆல்பர்ட்டாவுல அடிச்ச எல்க் கறிய காட்டுலயே வீணா விட்டுட்டு வந்தா குற்றம். பெரிய ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல இருக்கும், அத அறுத்து தூக்கி வண்டி வரைக்கும் கொண்டு வரணும். தோட்டா பத்தி பேசற நேரத்துல பாதி நேரம் இத யோசிச்சு வெச்சிக்கறது நல்லது.

கேள்வி (பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): போன இதழ் படத்துல மேக்னம் தோட்டா அடியில ஒரு பெல்ட் மாதிரி வளையம் இருந்ததே, அழுத்தம் தாங்கறதுக்காகவா?

பதில்: எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க சார், ஆனா பலத்துக்கு இல்ல. 1912ல லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 தோட்டா பண்ணப்ப கேஸ் மேல போகப்போக சரிஞ்சு, தோள்பட்டை, அதாவது கழுத்துக்கு கீழ கேஸ் ஒடுங்கற எடம், ரொம்ப சரிவா இருந்துச்சு. சேம்பர்ல, அதாவது துப்பாக்கில தோட்டா உக்கார்ற குழியில, எங்க முட்டி நிக்கணும்னு தோட்டாவுக்கு ஒரு எடம் வேணும், அந்த வளையம் அதுக்குத்தான். நீங்க ஒர்க்ஷாப்ல இருந்தவரு, ஃபிட்டு டாலரன்ஸ்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் வந்த 7 எம்எம் ரெமிங்டன், 300 வின் மேக் ரெண்டுக்கும் தோள்பட்டை நல்லா நறுக்குனு இருக்கு, பெல்ட் தேவையே இல்ல, ஆனா அந்த .375 குடும்பத்துல இருந்து வந்ததால பெல்டும் கூடவே வந்துருச்சு, விக்கறதுக்கும் பாக்க ஜோரா இருந்துச்சு. 2001 வாக்குல வந்த குட்டை மேக்னம், இப்ப வர்ற பிஆர்சி எல்லாம் பெல்ட் இல்லாமதான் வருது.

கேள்வி (திருவொற்றியூர்): மருமகன் நியூசிலாந்துல மாட்டுப்பண்ணையில வேலை. தார்னு ஒரு மலை ஆட்ட சுடப்போறேன்றாரு. நெட்ல பாத்தா நம்ம வரையாடு மாதிரியே இருக்கு, மனசுக்கு கஷ்டமா இருக்கு. அது இருக்கட்டும், அவருகிட்ட இருக்கறது 300 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்) துப்பாக்கி, நண்பர் 300 வின் மேக் தோட்டா ஒரு பெட்டி சும்மா தரேன்றாராம், ரெண்டும் 300தானே?

பதில்: மொதல்ல அந்த பெட்டிய வாங்க வேணாம்னு இன்னைக்கே போன் பண்ணி சொல்லுங்க! 300 வின் மேக், 300 டபிள்யூஎஸ்எம், 300 வெதர்பி, 300 ஹெச் அண்ட் ஹெச், 300 பிஆர்சி, எல்லாத்துலயும் குண்டு ஒரே தடிமன், .308 இன்ச், ஆனா கேஸ் நீளம் வேற, அகலம் வேற, தோள்பட்டை வேற. ஒண்ணுக்கு இன்னொண்ணு போடவே கூடாது. 300னு பேர்ல இருக்கற இன்னொரு குட்டி தோட்டா, 300 பிளாக்அவுட், அத .223 துப்பாக்கில மாத்தி போட்டு சேம்பரே வெடிச்ச சம்பவம் நெறைய நடந்திருக்கு. பேரல் மேல வெட்டியிருக்கற எழுத்தும் தோட்டா அடியில அச்சடிச்ச எழுத்தும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும்.

வரையாடு விஷயம். அது இமயமலை தார், நம்மளுது நீலகிரி வரையாடு, உருவம் ஒண்ணா இருந்தாலும் வேற வேற இனம். நியூசிலாந்துல மண்ணுக்கு சொந்தமான பெரிய காட்டு மிருகமே கெடையாது, 1904ல மவுண்ட் குக் பக்கம் கொண்டு வந்து விட்டாங்க, அத தின்ன புலி சிறுத்தை எதுவும் அங்க இல்ல, பெருகி மலைச்செடிய எல்லாம் மொட்டை அடிக்குது, கவர்மெண்டே ஹெலிகாப்டர்ல போய் சுட்டு கொறைக்குது. நம்ம வரையாடு தமிழ்நாட்டோட மாநில விலங்கு, 2023ல அத காப்பாத்தறதுக்குன்னே தனி திட்டம் ஆரம்பிச்சாங்க. அங்க தொல்லை, இங்க பொக்கிஷம். உங்க மருமகன் மேல வருத்தப்பட ஒண்ணும் இல்லம்மா.

அவருக்கு ஒரு டிப்ஸ் மட்டும்: செங்குத்தா மேலயோ கீழயோ சுடும்போது குண்டு எறங்கறத படுக்கை தூரத்துக்குத்தான் கணக்கு போடணும். 30 டிகிரி சரிவுல 400 கஜம்னா 346 கஜம்னு வெச்சு சுடணும், 400க்கு சுட்டா குண்டு முதுகுக்கு மேல பறந்துரும்.

கேள்வி (எண்ணூர்): பொன்னேரி பக்கம் எங்க மாமாவுக்கு வயல் இருக்கு, லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கு. காட்டுப்பன்னி தொல்லை. ஒரு மேக்னம் இம்போர்ட் பண்ணா தூரத்துல இருந்தே முடிச்சிரலாமே?

பதில்: முடியறது பன்னி கதை இல்ல, மாமா கதை. துப்பாக்கி லைசென்ஸ் வேற, வேட்டை லைசென்ஸ் வேற, ரெண்டாவது இந்தியாவுல இப்ப கெடையாது, வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வேட்டைக்கு தடை. பயிர காப்பாத்தன்னு குடுக்கற லைசென்ஸே பொதுவா மசில்லோடர், அதாவது வாய் வழியா வெடிமருந்து திணிக்கற பழைய மாதிரி துப்பாக்கிக்குத்தான். வெளிநாட்டு துப்பாக்கி இறக்குமதி சாதாரண ஜனங்களுக்கு 1980கள்லயே மூடியாச்சு, பேர் வாங்கின ஷூட்டிங் வீரர்களுக்குத்தான் விலக்கு. இங்க லைசென்ஸ்காரங்க கையில பொதுவா பாக்கற ரைஃபிள் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .315தான். அதுவும் சமவெளியில வீடு, ரோடு, ஆள் நடமாட்டம், மேக்னம் குண்டு தவறினா மைல் கணக்குல போகும், யார் மேல விழும்னே தெரியாது. தமிழ்நாட்டுல 2025ல அரசு சொன்னது, காட்ட விட்டு 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய வனத்துறை சுடலாம்னு. சுடறது வனத்துறை ஆளு, மாமா இல்ல. போய் மனு குடுக்க சொல்லுங்க.

கேள்வி (மீஞ்சூர்): பழவேற்காடு ஏரில வாத்துக்கு எந்த தோட்டா?

பதில்: எதுவும் இல்ல. அது பறவைகள் சரணாலயம். பைனாகுலர் வாங்குங்க.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): அண்ணன் அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வராரு. பையன் ஆசைப்படறான்னு ஷோகேஸ்ல வைக்க ஒரு மேக்னம் தோட்டா எடுத்துட்டு வரேன்னு சொல்றாரு. பிரச்சனை வருமா?

பதில்: வரும். சுடாத, உசுரான தோட்டா ஒண்ணே ஒண்ணு பேக்ல இருந்தாலும் ஸ்கேன்ல மாட்டும், மீனம்பாக்கத்துலயே எறக்கி ஆயுத சட்டத்துல கேஸ் போட்டுருவாங்க. தெரியாம பேக்ல கெடந்துச்சுன்னு சொல்லி கோர்ட் வரைக்கும் போய் வெளிய வந்தவங்க உண்டு, ஆனா அதுக்குள்ள லீவு முடிஞ்சு, வேலை போய், வக்கீல் ஃபீஸும் போயிருக்கும். சுட்ட காலி கேஸ்தானேன்னு கொண்டு வந்தாலும் நிறுத்தி வெச்சு கேள்வி கேப்பாங்க. ரேஞ்சுக்கு போட்டுட்டு போன ஜாக்கெட், பேக் எதையும் ஃப்ளைட்டுக்கு எடுத்துட்டு வர வேணாம்னு சொல்லுங்க, பாக்கெட் மூலையில ஒரு தோட்டா ஒளிஞ்சிட்டு இருக்கறது அங்கதான். பையனுக்கு சாக்லேட் போதும்.